குழந்தை பிறக்கப்போகிறது: ஞானஸ்நானமா, பிரதிஷ்டையா? இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் நாங்கள்

காத்திருக்கும் அப்பா
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னும் ஆறு வாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது குழந்தை வரப்போகிறது. மூத்தவனுக்கு நான்கு வயது. நடுவில் ஒரு கர்ப்பம் கலைந்துபோனது. அதனால் இந்தக் குழந்தைக்காக இரண்டு வருடம் அழுது ஜெபித்திருக்கிறோம்.

சந்தோஷத்தோடு சேர்ந்து ஒரு சிக்கலும் வந்திருக்கிறது. என் மனைவியின் குடும்பம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபை. நான் வளர்ந்தது, விசுவாசித்து அறிக்கை செய்த பிறகே மூழ்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபை. மூத்தவனை எங்கள் சபையில் பிரதிஷ்டை செய்தோம், அதாவது தண்ணீர் இல்லாமல், சபைக்கு முன்னால் ஜெபித்துக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தோம். அன்று மாமனார் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். இப்போது, "இந்தப் பிள்ளைக்காவது ஞானஸ்நானம் கொடுங்கள்" என்று கேட்கிறார். அவர் என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் அம்மாவோ, "தண்ணீர் தெளிப்பது ஞானஸ்நானமே இல்லை" என்று உறுதியாக இருக்கிறார். அதோடு, குழந்தை வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் நன்றி ஜெபக்கூட்டம் என்று சபையார் எல்லாரிடமும் சொல்லியும்விட்டார்.

மனைவியைக் கேட்டால், "எனக்கு எதுவும் ஓடவில்லை, களைப்பாக இருக்கிறது" என்கிறாள். இந்த நிலைமையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆயர்
தம்பி, வாழ்த்துகள். உங்கள் மாமனார் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்கிறேன். அதை அவர் வாயால் கேட்கிற வாய்ப்பு உங்களுக்குக் குறைவு என்று தோன்றுகிறது.

லீதியாளும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்கள் அனைவரும் அந்த இரவிலேயே பெற்றார்கள். இரண்டும் அப்போஸ்தலர் 16-இல் இருக்கின்றன. அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா என்று வசனம் சொல்லவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, வாக்குத்தத்தம் "உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்" என்றார். கொலோசெயர் 2-இல் பவுல் விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்ற பிள்ளை ஒன்றும் புரிந்துகொண்டு உடன்படிக்கைக்குள் வருவதில்லை. அதை உள்ளே கொண்டுவருகிறார்கள். நம் நம்பிக்கையும் அப்படித்தான்: முதல் அடியை எடுத்து வைப்பது தேவன், குழந்தை அல்ல.

இது பிற்காலத்தில் முளைத்த வழக்கமும் அல்ல. 253-ஐ ஒட்டிய ஆண்டுகளில், குழந்தை ஞானஸ்நானத்துக்கு எட்டாம் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டுமா என்று ஒரு ஆயர் கேட்டபோது, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் அவரோடு கூடியிருந்த ஆயர்களும் அத்தனை நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்று பதில் எழுதினார்கள். மார்ட்டின் லூத்தர் 1483 நவம்பர் 10-இல் பிறந்து மறுநாளே ஞானஸ்நானம் பெற்றவர்.

உங்கள் மாமனார் கேட்பது ஒரு சடங்கை அல்ல. பேரப்பிள்ளை சபைக்கு வெளியே நிற்கிறதே என்ற வேதனை அவருக்கு. அதை மனதில் வைத்து அவரிடம் பேசுங்கள்.

யோர்தான் கரை
ஐயா சொன்னதை மரியாதையோடு படித்தேன். மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும்.

மாற்கு 16:16-இல் விசுவாசம் முதலில், ஞானஸ்நானம் அதன்பின். புதிய ஏற்பாட்டில் ஞானஸ்நானம் பெற்றதாகப் பெயரோடு வரும் ஒவ்வொருவரும் கேட்டு, நம்பி, பிறகு தண்ணீருக்குள் இறங்கியவர்கள். பழைய சபையிலும் ஒரே குரல் இல்லை. சிப்ரியானுக்கு அரை நூற்றாண்டு முன்பே, அதே கார்த்தேஜில், தெர்த்துல்லியன் என்ற சபை எழுத்தாளர் சிறு பிள்ளைகளுக்கு அவசரப்படவேண்டாம், கிறிஸ்துவை அறிகிற வயது வரட்டும் என்று எழுதினார். அகஸ்தீனின் தாய் மோனிக்கா அவ்வளவு பக்தியுள்ளவர். அவர் மகனே குழந்தையாக ஞானஸ்நானம் பெறவில்லை. 387-இல் தன் முப்பதுகளில்தான் பெற்றார். 1525-இல் சூரிச்சில் பெரியவர்களாகி மறுபடி ஞானஸ்நானம் எடுத்தவர்களில் சிலர் அதற்காக உயிரையும் இழந்தார்கள். எங்கள் சபைகள் இதை லேசாக விடாததற்குக் காரணம் அந்த வரலாறுதான்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். குழந்தைப் பிரதிஷ்டைக்கும் நேரடிக் கட்டளை கிடையாது. அன்னாளைக் காட்டுகிறோம். அன்னாள் சாமுவேலைப் பால்மறந்த பிறகு சீலோவுக்குக் கொண்டுபோய் ஏலியிடமே விட்டுவிட்டு வந்தாள். நம்மில் யாரும் அப்படிச் செய்வதில்லை. இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுபோனது முதற்பேறான ஆண்பிள்ளையைப் பற்றிய நியாயப்பிரமாணத்தின்படி. ஆகவே பிரதிஷ்டை என்பது பெற்றோர் சபைக்கு முன்னால் கொடுக்கிற வாக்கு, அவ்வளவுதான். அதுவே பெரிய வாக்கு.

நடைமுறையாக ஒன்று. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் சபைகள் ஒருமுறை பெற்றதைத் திரும்பக் கொடுப்பதில்லை. எங்களைப் போன்ற பல சபைகள் அதை ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை. பிள்ளை வளர்ந்து விசுவாசித்தால் மூழ்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வோம். இப்போது ஞானஸ்நானம் கொடுத்தால், பதினைந்து வருடம் கழித்துப் பிள்ளை இதே இழுபறியில் நிற்கலாம். பிரதிஷ்டை செய்தால் எந்தக் கதவும் மூடாது. பிற்பாடு எந்தச் சபையிலும் ஞானஸ்நானம் பெறலாம்.

ஓய்வுபெற்ற ஆயர்
யோர்தான் கரை சொன்ன கடைசிக் கருத்து உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அது "கதவைத் திறந்து வைப்பது" என்று தெரியாது. கொடுக்க வேண்டிய ஈவைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பதாகவே தெரியும். இதைத் தம்பி புரிந்துகொண்டால்தான் மாமனாரின் மௌனம் புரியும்.

செவிலியர் அக்கா
குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். எல்லாரும் ஞானஸ்நானத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு அந்தப் பதிவில் முதல் வார ஜெபக்கூட்டம்தான் கண்ணில் பட்டது.

பிறந்த குழந்தைகள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். ஒரு வாரக் குழந்தையைச் சுற்றி நாற்பது பேர் கூடிப் பாடி, ஒவ்வொருவராகக் கையில் வாங்கி, நெற்றியில் முத்தம் கொடுத்து ஆசீர்வதிப்பது அன்புதான். ஆனால் பெரியவருக்குச் சாதாரண இருமலாக இருக்கும் கக்குவான், அந்தக் குழந்தைக்கு மூச்சை நிறுத்தும். உதட்டில் கொப்புளம் வருகிற ஹெர்ப்பீஸ் வைரஸ் ஒரு முத்தத்தில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கிடையாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வருகிறவர்கள் வரட்டும், ஆனால் இரண்டு பேர் மூன்று பேராக. கை கழுவிவிட்டு, சளி இருமல் இல்லாதவர்கள், முத்தம் இல்லாமல், கால் மணி நேரம். ஜெபம் நீளமாக இருந்தால்தான் பலிக்கும் என்று வேதத்தில் எங்கும் இல்லையே. தாய் நடுவில் எழுந்து பால்கொடுக்கப் போனால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. குழந்தையைத் தூங்கவைக்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். பாட்டிகள் குப்புறப் போடச் சொல்வார்கள், அன்போடு மறுத்துவிடுங்கள்.

அப்புறம், இந்தக் கூட்டத்தை ரத்து செய்யச் சொல்ல வேண்டியது நீங்கள், தம்பி. உங்கள் அம்மா, உங்கள் வாய். மருமகள் சொன்னால் அது வேறு விதமாகப் போய் நிற்கும்.

மூன்று பிள்ளைகளின் தாய்
செவிலியர் அக்காவுக்கு ஆமென். எனக்கு முதல் பிரசவத்தில் வந்தவர்களை எண்ணவே முடியாது. தையல் போட்ட வலியோடு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் சிரித்தேன். மூன்றாவதில் ஒரு சகோதரி வந்தார், குழந்தையைப் பார்க்கக்கூட இல்லை. நேராக உள்ளே போய் மலையாகக் கிடந்த துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, வாசலில் நின்றே ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டுப் போனார். அந்த ஜெபம் எனக்கு இன்றும் வரிவரியாக நினைவிருக்கிறது.

மூத்தவனைப் பற்றி ஒன்று. நான்கு வயதுப் பிள்ளை திடீரென்று மறுபடி படுக்கையை நனைப்பான், மழலை பேசுவான். திட்டாதீர்கள். தினம் பத்து நிமிடமாவது தம்பியோ தங்கையோ இல்லாமல் அவனோடு மட்டும் இருங்கள். இரவு ஜெபத்தில் குழந்தையின் பெயரைச் சொல்லும் வேலையை அவனுக்கே கொடுங்கள். எங்கள் வீட்டில் அதை மூத்தவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

நள்ளிரவுத் தாய்
"எனக்கு எதுவும் ஓடவில்லை, களைப்பாக இருக்கிறது" என்ற வரியைப் படித்ததும் நெஞ்சு அடைத்தது. அது வெறும் களைப்பாகவே இருக்கலாம். இருந்தாலும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் ஜெபித்துப் பெற்ற பிள்ளை. சபை முழுக்கச் சாட்சி சொன்னோம். மூன்றாவது வாரம் நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே ஒன்றுமே இல்லை. சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. ஜெபித்துக் கிடைத்த வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி இருக்கிறோமே என்ற குற்றவுணர்ச்சி வேறு. ஒரு மூத்த சகோதரியிடம் சொன்னேன். "விசுவாசம் குறைந்திருக்கிறது, உபவாசம் பண்ணு" என்றார். பால்கொடுக்கிற நான் உபவாசம் இருந்தேன். இன்னும் மோசமானது.

என்னைக் காப்பாற்றியது போதகரின் மனைவி. அவர் 1 இராஜாக்கள் 19-ஐத் திறந்து காட்டினார். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் தரமும் வந்து அதையே சொன்னான். கர்த்தர் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். அதைப் படித்துக் காட்டிவிட்டு, மறுநாள் காலையில் அவரே என்னை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். மருந்தும் ஆலோசனையும் ஆறேழு மாதம். இன்று என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

செவிலியர் அக்கா
சகோதரி, எழுதியதற்கு நன்றி. இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தாலோ, தூக்கம் கிடைத்தாலும் தூங்க முடியாவிட்டாலோ, குழந்தையோடு ஒட்டுதலே வராவிட்டாலோ அது நோய். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்கிற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே உதவி தேட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிரசவித்த தாய்மாரில் சுமார் 13% பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது. அதில் முக்கியமானது மனச்சோர்வு. கர்ப்பத்திலேயே தொடங்குவதும் உண்டு. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, 1987-இல் இருந்து பயன்படுகிறது. மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டால் கொடுப்பார்கள். அப்பாக்களுக்கும் இந்தச் சோர்வு வரும், தம்பி.

காத்திருக்கும் அப்பா
நேற்று இரவு இந்தப் பதிவுகளை மனைவியிடம் படித்துக் காட்டினேன். எலியா வந்த இடத்தில் அழுதுவிட்டாள். எனக்குத் தெரியாமல் போன விஷயங்கள் நிறைய. போன கர்ப்பம் கலைந்த நாளில் இருந்து, இந்தக் குழந்தையும் போய்விடுமோ என்று ஒவ்வொரு இரவும் விழித்திருந்து அசைவை எண்ணுகிறாளாம். "அப்பாவும் அத்தையும் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும்போது, குழந்தை உயிரோடு வரட்டும் என்றுதான் என் மனம் சொல்கிறது" என்றாள். மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அம்மாவிடமும் பேசினேன். வருத்தம்தான், ஆனால் கூட்டத்தை மூன்று மாதத்துக்குப் பிறகு வைக்கச் சம்மதித்தார்.

சிறு துளி
எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சகோதரியின் பயத்தைப் படித்த பிறகு எழுதுகிறேன்.

எங்கள் மகன் 26 வாரத்தில் பிறந்தான். பதினோரு மணி நேரம் இருந்தான். இரவு இரண்டு மணிக்கு, இனி நேரமில்லை என்றார்கள். எங்கள் ஆயர் வந்து சேர வழியில்லை. அங்கே இருந்த செவிலியர், "நான் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். ஒரு சிறு பஞ்சில் தண்ணீரை நனைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரில் அவன் நெற்றியில் மூன்று துளி விட்டார். அவன் பெயரை முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னது அந்த அம்மாதான். ஞானஸ்நானம் இல்லாவிட்டால் தேவன் அவனைத் தள்ளியிருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு சபை இருந்தது, அவனுக்காக ஒன்று செய்தோம் என்பது எங்களைத் தாங்குகிறது. குழந்தை ஞானஸ்நானம் அர்த்தமில்லாதது என்று யாராவது சொல்லும்போது அந்தப் பஞ்சுதான் கண்முன் வருகிறது.

யோர்தான் கரை
சகோதரி, இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை, தேடவும் மாட்டேன். தாவீது தன் குழந்தை இறந்தபோது, நான் அதனிடத்துக்குப் போவேன் என்றான். எங்கள் சபையும் அந்த நம்பிக்கையில்தான் குழந்தைகளை அடக்கம் செய்கிறது. உங்கள் மகனை உங்களோடு சேர்ந்து நினைக்கிறேன்.

பங்கு மகள்
நான் கத்தோலிக்கப் பெண். நீங்கள் ஞானஸ்நானம் என்பதை நாங்கள் திருமுழுக்கு என்போம். அவசர வேளையில் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது எங்கள் திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. திருச்சபையின் எண்ணத்தோடு செய்தால் போதும். கொடுப்பவர் கிறிஸ்தவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. குழந்தை பிழைத்தால் மறுபடி தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆலயத்தில் மற்றச் சடங்குகளை மட்டும் நிறைவு செய்வார்கள். திருமுழுக்கு இல்லாமல் இறக்கும் குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்பதே எங்கள் மறைக்கல்வி சொல்வது. அந்த நம்பிக்கைக்கான காரணங்களை 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழு விரிவான ஓர் ஆவணமாகவே வெளியிட்டது. அப்படி இறந்த குழந்தைகள் ஓர் "இருண்ட இடத்துக்கு"ப் போவார்கள் என்ற பழைய காலத்துப் பேச்சைக் கேட்டுப் பயந்த தாய்மார் யாராவது இருந்தால் உங்கள் குருவானவரிடம் கேளுங்கள்.

திருமுழுக்கில் குழந்தைக்குத் துணையாக நிற்கும் ஞானப்பெற்றோரைப் பற்றியும் ஒன்று. எங்களில் பதினாறு வயது நிரம்பி, உறுதிபூசுதல் பெற்று, விசுவாசத்தில் வாழ்கிறவராக இருக்க வேண்டும். உறவுக்காரர் மனம் கோணக்கூடாதே என்று தேர்ந்தெடுக்காதீர்கள். என் ஞானத்தாய் என் பிறந்தநாளை மறந்திருக்கிறார்; திருமுழுக்கு நாளை ஒரு வருடம்கூட மறந்ததில்லை.

தத்தெடுத்த தாய்
எங்கள் மகள் ஐந்து மாதத்தில் எங்களிடம் வந்தாள். சபையில் எங்களை வரவேற்க யாருக்கும் வழி தெரியவில்லை. பிரசவம் இல்லை, ஆகையால் சாப்பாடு கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும் இரவுத் தூக்கம் இல்லை, அவளும் புது வாசனைகளுக்கு நடுவில் அழுதாள். யோசேப்பு தான் பெறாத பிள்ளைக்குப் பெயரிட்டு வளர்த்தவர் என்று கிறிஸ்துமஸ் தோறும் கேட்கிறோம். அப்படி ஒரு வீடு உங்கள் சபையில் இருந்தால் அங்கேயும் போய்க் கதவைத் தட்டுங்கள்.

ஓய்வுபெற்ற ஆயர்
தம்பிக்கு ஒரு யோசனை. இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு முறையில் குழந்தைப் பேற்றுக்கான நன்றி ஆராதனை என்று தனியாகவே ஒன்று உண்டு. அது ஞானஸ்நானத்துக்குப் பதில் அல்ல, அதற்குத் தடையும் அல்ல. உங்கள் மனைவியின் சபையில் இப்படி ஒன்று முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நசரேயன் சபை குழந்தை ஞானஸ்நானம், பிரதிஷ்டை இரண்டையுமே அனுமதிக்கிறது. ஆக, இரண்டு மனசாட்சிகள் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாதது அல்ல. முடிவெடுக்கும் முன் இரண்டு போதகர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

பெயர் வைக்கும்போதும் ஜாக்கிரதை. யோவான் ஸ்நானன் பிறந்த எட்டாம் நாளில் உறவினர் கூடி, தகப்பன் பெயரையே வைக்கப் பார்த்தார்கள். எலிசபெத்து, அப்படியல்ல, யோவான் என்றாள். உறவினர் அவள் பேச்சை ஏற்காமல், ஊமையாயிருந்த தகப்பன் சகரியாவிடம் சைகை காட்டிக் கேட்டார்கள். அவரும் பலகையில் அதே பெயரை எழுதினார். பெற்ற தாய் சொன்னதையே தகப்பனும் எழுதினான், பாருங்கள்.

காத்திருக்கும் அப்பா
ஒன்பது வாரம் கழித்து வருகிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், மகள் பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். பெயரை மனைவிதான் வைத்தாள்.

முதல் பத்து நாள் வந்தவர்கள் ஆறே பேர். என் அம்மா வாசலில் நின்று எல்லாரையும் கை கழுவ வைத்தார். மூத்தவன் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இப்போது இரவு ஜெபத்தில் அவள் பெயரை அவன்தான் சொல்கிறான், வேறு யாராவது சொன்னால் கோபம் வருகிறது.

இரண்டு போதகர்களும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். மனைவியின் சபையில் நன்றி ஆராதனை வைத்தோம், என் சபைப் போதகர் வந்து ஜெபித்தார். ஞானஸ்நானத்தைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. மாமனாரிடம் அதை நானே நேரில் போய்ச் சொன்னேன். சிறு துளி சகோதரி எழுதியதையும் சொன்னேன், அது எனக்குப் புரிந்தது என்றும் சொன்னேன். அவருக்கு மனம் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், குழந்தையை முதலில் அவர் கையில்தான் கொடுத்தோம்.

நள்ளிரவுத் தாய்
ஸ்தோத்திரம்! சகோதரி எப்படி இருக்கிறார்? இரவில் தூங்குகிறாரா?

காத்திருக்கும் அப்பா
மூன்றாவது வாரம் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. நீங்கள் சொன்ன அந்த வெறுமை வந்தது. இந்த முறை அவளே என்னிடம் சொன்னாள். மருத்துவர் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்டார், ஆலோசனை தொடங்கியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்குப் பால் குடித்த பிறகு குழந்தையை நான் வாங்கிக்கொள்கிறேன், அவள் விடியும்வரை தூங்குகிறாள். செவ்வாய்க்கிழமை மறுபடி மருத்துவரைப் பார்க்கிறோம். நானும் கூடப் போகிறேன்.